பீஸ் கட்டையில் இருந்த கையெழுத்து

பிலோமினாவின் எண்ணிலிருந்து போன் வந்தால் இரண்டு தடவை அடித்து நின்றுவிடும். அது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் அவள் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். நான் வீட்டில் இருந்தால் திருப்பி ஒன்று கொடுக்க வேண்டும். உடனே கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி விருத்தாசலம் வந்துவிடுவாள். அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமையில் இவளுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டே, நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. ஐந்து தடவை, ஆறு தடவை என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் அவள் மகள் ஜெனிபர். "செல்வி அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றாள். சேத்தியாத்தோப்பில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் அவளுடைய மிஸ்டு கால் வந்தது. நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டில்தான் இருந்தேன், ஒரு வேலையும் இல்லாமல் சும்மாதான் இருந்தேன். ஏன் கொடுக்கவில்லை என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கிறோம், அதில் எழுதுங்கள் என்று கேட்டவள் ஜெனிபர். பத்தாவது வரை படித்தவள் என்பதால், நானும் பிலோமியும் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுத்தவள் நான். லோன் மனு, ரேஷன் கார்டு மனு, தண்ணீர் வரவில்லை என்று மனு. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஷெட்டில் எங்களோடு வேலை பார்த்தவர்கள். உங்களுக்குத்தான் முக்கியமாக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். மின்சார மீட்டர் பக்கத்தில் சொருகியிருக்கும் வெள்ளைப் பீங்கானை பீஸ் கட்டை என்போம். அச்சில் அழுத்தி எடுத்துக் காயவைத்த, இன்னும் சுடாத பச்சைக் கட்டையின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, நம்பர் போட்டுத் தட்டில் அடுக்க வேண்டும். சுவரில் நிலையாக நிற்கும் அடிக்கட்டை பிலோமிக்கு. இழுத்து எடுக்கும் மேல்கட்டை எனக்கு. ஒரே மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நடுவில் ஒரு டப்பாத் தண்ணீர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் இரண்டு பேர் மகள்களும் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் சுதா, அவள் மகள் ஜெனிபர். வெளி மாவட்டத்தில் ஓர் உறைவிடப் பள்ளி, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இலவசமாகப் படிக்கவைக்கிறார்கள், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்று கேள்விப்பட்டோம். எங்கள் வட்டாரத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். கணக்கைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். இங்கிலீஷ்தான் பயம். ஒரு வார்த்தையைக் கொடுத்து, கீழே நான்கு வார்த்தைகளில் எது அதே அர்த்தம் என்று கேட்பார்களாம். நான் ஒரு கைடு வாங்கினேன். இருந்தது அந்த ஒரு கைடுதான். பிலோமி ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் அவள் சொன்னாள், "நாம படிச்சாத்தான்டி அதுங்களுக்கு சொல்லித் தர முடியும். மொதல்ல நம்ம ரெண்டு பேரும் பரிச்ச எழுதுவோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கம்பெனியில் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பென்சிலால் கட்டையிலேயே எழுதினோம். நான் மேல்கட்டையில் 'ஹ்யூஜ்' என்று எழுதித் தள்ளுவேன். அவள் அடிக்கட்டையில் 'பிக்' என்று எழுதி இரண்டையும் சேர்த்துப் பொருத்திக் காட்டுவாள். பொருந்தினால் சரி. தப்பான வார்த்தை எழுதினால் கட்டையைப் பொருத்தவிடாமல் நான் கையை இழுத்துக்கொள்வேன். பென்சில் எழுத்து சூளையில் எரிந்து போய்விடும், யாருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு இருபது வார்த்தைகள். தட்டுத் தட்டாக இங்கிலீஷ் சூளைக்குப் போய் வெள்ளையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அவள் வார்த்தைகளைப் பிடித்துவைத்துக்கொண்ட விதம் தனி. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஷெட்டில் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தாள். 'ஆங்ரி' என்றால் மேஸ்திரி. 'லேஸி' என்றால் டிராலி தள்ளுகிறவர். நான் ஒரு நாள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தபோது, கட்டையில் 'ஸ்டபர்ன்' என்று எழுதி என் பக்கம் தள்ளினாள். சிரித்துவிட்டேன். ஒரே அர்த்தமுள்ள வார்த்தைகளைப் பற்றி அவள் சொன்னது இன்றைக்கும் எந்தக் கைடிலும் இல்லை. "ரெண்டும் ஒரே வூட்டுல பொறந்ததுங்கடி. மூஞ்சிதான் வேற வேற" என்பாள்.

என் வீட்டுக்காரர் லாரியில் போனால் பத்து நாள், பதினைந்து நாள் வரமாட்டார். பிலோமியின் வீட்டுக்காரர் ஜெனிபர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வாழ்க்கையில் யாரோடாவது முகம் பார்த்து உட்கார்ந்து பேசினேன் என்றால் அந்த மேசையில்தான். அப்போது எனக்கு அது தெரியவில்லை. வேலை பார்க்கிறோம், கூடவே பிள்ளைக்குப் படிக்கிறோம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

இனிமேல் வருவது உங்களுக்குத் தெரிந்த கதை. தெரிந்த மாதிரி இருந்த கதை.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு லாட் பீஸ் கட்டை சூளையிலிருந்து இங்கிலீஷோடு வெளியே வந்தது. ஒவ்வொரு கட்டையின் முதுகிலும் காவி நிறத்தில் ஒரு வார்த்தை. மேலே கண்ணாடி மாதிரி கிளேஸ். சுரண்டினாலும் போகாது. நம்பர் போடுகிற மையால் எழுதியிருந்தது. அந்த மை நெருப்பில் நிற்பதற்காகவே செய்த மை. மேஸ்திரி தட்டைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் படாரென்று வைத்தார். "எவ எழுதனது இது? பீஸ் கட்டை செய்யறோமா, ஸ்கூலு நடத்தறோமா இங்க?" என்று கத்தினார். பிலோமி எழுந்து நின்றாள். "நான்தான் சார் எழுதனேன்" என்றாள். அவளைப் பிசிறு மேசையிலிருந்து எடுத்து பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு 'இங்கிலீஷ் பிலோமி' என்று அவளுக்குப் பெயர் வைத்தீர்கள். ஆறு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

எழுதியது அவள் இல்லை. நான்.

அன்றைக்கு மத்தியானம் பென்சில் எங்கேயோ விழுந்துவிட்டது. கைடில் இன்னும் நிறைய பாக்கி இருந்தது. தேட நேரமில்லை என்று நம்பர் மைக்குச்சியை எடுத்து மேல்கட்டைகளில் வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். பச்சைக் கட்டைதானே, தட்டு போவதற்குள் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடலாம் என்று கணக்கு. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தால் தட்டு இல்லை. டிராலிக்காரர் அன்றைக்கென்று பார்த்துச் சுறுசுறுப்பாகிவிட்டார். ஓடிப் போய் மேஸ்திரியிடம் சொல்லியிருந்தால் தட்டை எடுத்திருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. சூளை மூடித் திறக்கும் வரை மூன்று நாள், நேரம் கிடைத்தபோதெல்லாம் சூளைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "எரிஞ்சி போயிடும் வுடுடி" என்று பிலோமி எனக்குத் தேறுதல் சொன்னாள். எரியாது என்று எனக்கு மாதிரியே அவளுக்கும் தெரியும்.

நான்தான் எழுதினேன் என்று மேஸ்திரியிடம் ஏன் சொன்னாய் என்று அவர் கத்திய அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "நீ பத்தாவது படிச்சவ. நீ எழுதனேன்னா வேணும்னே பண்ணனன்னு நெனப்பாரு. நான் எழுதனேன்னா கிறுக்குன்னு சிரிச்சிட்டு வுட்டுடுவாரு, அதான்" என்றாள். அவர் சிரித்துவிட்டுவிடவில்லை. நானும் மறுநாள் போய் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் காலையில் நினைப்பேன். மத்தியானத்துக்குள் அது ஆறிப்போகும்.

பேக்கிங் ஷெட்டில் அவளுக்கு வைக்கோலும் சாக்கும்தான். எதிரில் உட்கார்ந்து வார்த்தை கேட்க ஆள் இல்லை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து படிக்கலாம் என்றால் அவளுக்குக் கடைசி பஸ் போய்விடும். கைடு என்னிடம் இருந்தது. கடைசி நான்கு பக்கம் பாக்கி. "அந்த நாலு பக்கத்த மட்டும் ஒரு தாளுல எழுதிக் குடுத்துடுடி. ஜெனிபருக்கு நானே சொல்லிக் குடுத்துக்கறேன்" என்று கேட்டாள். நாளைக்குத் தருகிறேன் என்றேன். அடுத்த நாளும் கேட்டாள். நாளைக்கு என்றேன். வீட்டுக்குப் போனதும் சுதாவை உட்காரவைத்து அந்த நான்கு பக்கத்தைத் தலைகீழாக ஒப்பிக்கவைத்தேன். எழுதிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை நான் எடுத்து வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வட்டாரத்துக்கு இரண்டு மூன்று இடம்தான் என்பது எனக்கு மறக்கவில்லை.

சுதாவுக்கு இடம் கிடைத்தது. ஜெனிபருக்குக் கிடைக்கவில்லை. அந்த நான்கு பக்கத்தால்தானா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பது மட்டும் தெரியும். சுதாவை அனுப்பும் நாளில் பிலோமி வந்து டிரங்குப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். ஒரு பொட்டலம் வறுத்த முந்திரியை சுதா கையில் திணித்தாள். "ரெண்டுல ஒண்ணு போவுதில்ல, அது போதும்டி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒளித்துவைத்த எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு தட்டு வைத்து ஒரு ஆள் சாப்பிடுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. லீவுக்கு வரும்போது சுதா வளர்ந்துகொண்டே வந்தாள், பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பிசிறு மேசையில் என் எதிரில் வேறொரு பெண்ணைப் போட்டார்கள். நல்ல பெண்தான், டிவி நாடகக் கதை தவிர வேறு பேசமாட்டாள். பிலோமி பேக்கிங்கிலேயே தங்கிவிட்டாள். நான் மேல்கட்டையில் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதி, அதை நானே பார்த்துவிட்டுத் தட்டில் அடுக்கிய நாட்கள் உண்டு.

நான் தனியாக இருப்பேன் என்று அவள்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தாள். ஜெனிபரையும் கூட்டிக்கொண்டு வருவாள். அந்தப் பிள்ளை மூலையில் உட்கார்ந்து சுதாவின் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. முதலில் தலைவலி என்றேன். பிறகு ஊருக்குப் போகிறேன் என்றேன். செல்போன் வந்தபிறகு பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. மிஸ்டு காலுக்குத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் போதும். ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆளை வராமல் செய்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

இப்போது துக்க வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மத்தியானம் ஐஸ் பெட்டி வந்தது. அவளை அதில் வைத்துப் பிளக்கைச் சொருகியதும் டப்பென்று வீட்டில் கரண்ட் போய்விட்டது. பெட்டி கொண்டுவந்தவர் மீட்டர் பக்கம் போய் பீஸ் கட்டையை இழுத்தார். இழுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாம்மா இது, பீஸ் கட்டையில இங்கிலீஷ்ல எழுதியிருக்குது?" என்றார். காவி நிறத்தில் 'ஹ்யூஜ்'. ஒதுக்கித் தள்ளிய அந்த லாட்டில் ஒன்றை எடுத்துப் போய்த் தன் வீட்டு மீட்டரில் சொருகி வைத்திருக்கிறாள். ஆறு வருஷமாக அவள் வீட்டு விளக்கு அந்தக் கட்டையில்தான் எரிந்திருக்கிறது. எங்கள் ஷெட்டுப் பெண்கள் அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். உடனே கதை ஆரம்பித்தது. மேஸ்திரி தட்டை வைத்தது, இவள் எழுந்து நின்றது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு மறுபடி அழுதார்கள். நான் அங்கேதான் மெழுகுவர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

கடையிலிருந்து புதுக் கட்டை வாங்கிவந்து போட்டார்கள். ஜெனிபர் பழையதைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டாள். இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதைக் காட்டினாள். "எங்கம்மா கையெழுத்து அத்தை. ரேங்க் கார்டுல கையெழுத்து போட்டது இருக்குது. ஆனா அம்மாவா எழுதனதுன்னு வூட்டுல இது ஒண்ணுதான் இருக்குது" என்றாள். இரண்டு கையாலும் அதை மூடி வைத்துக்கொண்டாள். அடக்கம் முடியும் வரை கீழே வைக்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். ஜெனிபரின் அம்மா பெயரில் ஏற்கெனவே என் தப்பு இருந்தது, இப்போது அவள் அம்மாவின் ஞாபகத்திலும் என் கையெழுத்தே போய் உட்கார்ந்துகொண்டது. அப்படியே விட்டுவிடலாம். அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆறுதல், எனக்கும் வம்பில்லை. விட்டுவிடத்தான் நினைத்தேன்.

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு துணி மூட்டை இருந்தது. பிலோமியை பேக்கிங்குக்கு அனுப்பிய அன்று மேசையில் அவள் இடத்தில் ஒரு அடிக்கட்டை மீந்து கிடந்தது. ஓரத்தில் கீறல் விட்ட பச்சைக் கட்டை, சூளைக்குப் போகாதது. அதில் அவள் பென்சிலால் எழுதியிருந்தாள். நான் கற்றுக் கொடுத்த எழுத்து என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் என்னுடையது மாதிரியே இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் தெரியும், அவள் பென்சிலை அழுத்தி எழுதுவாள், களிமண்ணில் பள்ளம் விழும். ஏன் எடுத்து வைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், தட்டினால் உடைந்துவிடும் என்று பயந்து பயந்து வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். ஜெனிபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மை, தட்டு, நான் எழுந்து நிற்காதது. நான்கு பக்கத்தையும் சொன்னேன். முடித்ததும் துணியைப் பிரித்துப் பச்சைக் கட்டையைக் கொடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். 'ரிப்ளை' என்று இருந்தது. விரலால் தடவப் போனவளிடம், "தொடாதம்மா, அழிஞ்சிடும்" என்றேன். விரலை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா ஒரு நாளும் இத எங்கிட்ட சொல்லல" என்றாள்.

"சொல்லமாட்டா" என்றேன்.

கட்டையை ஜன்னல் திட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, "ஷெட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எழுதுங்க அத்தை. முப்பதாம் நாளைக்கு ஒரு தாளு போடறோம். அதுல எழுதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து நான் போகவும் இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு போனேன்.

ஆகவே நம் ஷெட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்கிலீஷ் பிலோமி கதையை இனிமேலும் சொல்லுங்கள். ஆனால் சரியாகச் சொல்லுங்கள். எழுதினது செல்வி. எழுந்து நின்றது பிலோமி.

நான் கிளம்பும்போது ஜெனிபர் வாசல் வரை வந்து, காவி எழுத்துள்ள பீஸ் கட்டையை என் கையில் வைத்தாள். "இது உங்களுது அத்தை" என்றாள். வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் வீட்டில் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. பிலோமினாவின் ஞாபகமாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், அதிலும் அவள் எழுத்து இல்லை. இருப்பது என் கையெழுத்து. ஆறு வருஷம் அதைத் தன் கையெழுத்தென்று சொல்லித் தன் வீட்டில் வைத்திருந்தாள்.